டீ கிளாஸ் மேடு

கடைவீதிக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே நானூறு அடி உயரத்தில் ஒரு குன்று இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். பார்த்தால் உள்ளங்கை மாதிரி தட்டையான தார் ரோடு. இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தண்ணீர்த் தொட்டி, சரியாக நடுவில் ஒரு சைக்கிள் கடை. நடந்தால்தான் விஷயம் புரியும். கடைவீதியிலிருந்து கிளம்பும் தபால்காரர் பள்ளிக்கூட வாசலில் ஒரு தடவை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தடவை நின்று, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குவார். சைக்கிள் கடையைத் தாண்டியதும் கால்கள் அவரைக் கேட்காமலே ஓட ஆரம்பிக்கும். ரயில் நிலையம் வரை அந்த ஓட்டத்திலேயே கடிதங்களை வீடுவீடாக வீசிக்கொண்டு போவார். பிள்ளைகள் உதைத்துத் தவறவிட்ட பந்து தட்டை ரோட்டில் தானே உருண்டு, வேகம் பிடித்து, ஸ்டேஷன் மாஸ்டரின் அறைக்குள் போய் நிற்கும். அவர் அதற்கென்று ஒரு சாக்கு வைத்திருந்தார். வெளியூரிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள், சமதளத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் ஊர்க்காரர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அரை பர்லாங்கு போனதும் அவர்களும் இறங்கித் தள்ளுவார்கள்.

குன்று வந்த விதம் இதுதான். நாடு முழுவதையும் அளந்து ஒரே அளவில் படமாக அச்சடித்துவிட வேண்டும் என்று அரசு முடிவு செய்த காலத்தில், அளவைத் துறைக்கு மூன்று விதிகள் இருந்தன. வெயிலில் நின்று வரைந்த களத்தாளில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பாகிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தலைமை அலுவலகத்தில் படம் வரைகிறவர் களத்தாளில் இருப்பதை அப்படியே எடுத்து வரைய வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது; வெயிலில் நின்றவனுக்குத் தெரிந்தது நாற்காலியில் இருப்பவனுக்குத் தெரியாது. அச்சில் வந்த பிறகு அதை யாரும் மறுத்துப் பேசக் கூடாது. முதல் அளவைக் குழு சங்கிலி, கொடிக்கம்பு, எட்டுப் பேர் தூக்கும் பித்தளைக் கருவி, பதினோரு கூடாரம் எல்லாவற்றோடும் அந்தப் பருவத்தின் கடைசி வாரம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. அளப்பதற்கு இங்கே ஒன்றும் இல்லை. இரண்டே நாளில் வேலை முடிந்துவிட்டது. மிச்சமிருந்த இரண்டு நாளும் தலைமை சர்வேயர் மடக்கு மேஜையில் களத்தாளை விரித்து வைத்துக்கொண்டு, வீட்டுக்குக் கடிதம் எழுதியபடி டீ குடித்தார். முதலில் பெரிய குவளை, பிறகு டம்ளர், பிறகு சின்ன கிளாஸ், கடைசியில் டீ சொட்டியிருந்த மைப்புட்டி மூடி. நான்கையும் ஒரே இடத்தில் வைத்து எடுத்தார். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டம் விழுந்தது.

அவர் அதைப் பார்க்காமல் இல்லை. அழிக்க விதி இடம் கொடுக்காது. கோடு போட்டு அடித்தால் காரணம் என்று 'டீ' என எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முப்பது வருஷ சர்வீஸ் உள்ள மனிதருக்கு அது கூச்சமாக இருந்தது. அலுவலகத்தில் பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டார். அவர்களும் புரிந்துகொண்டார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு சம உயரக் கோடு, கோட்டுக்கு நூறு அடி, ஆக நானூறு அடி என்று புரிந்துகொண்டு, செம்புத் தகட்டில் அழகாகச் செதுக்கி, நானூறு பிரதி அச்சடித்தார்கள். நானூறாவது தாள் அச்சுக்கூடத்திலிருந்து வெளியே வந்த அன்று சாயங்காலம், அப்போதைய தபால்காரர் பள்ளிக்கூட வாசலில் முதல்முறையாக இடுப்பில் கைவைத்து நின்றார். அவருக்கு வயது முப்பது. பயந்துபோய் டாக்டருக்கு ஆள் அனுப்பினார்கள். டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்து வந்து, தபால்காரருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஊர்க்காரர்கள் மனு எழுதினார்கள். ஏழு மாதம் கழித்து, சம்பந்தப்பட்ட குன்று அச்சில் சரியாகவே உள்ளது என்று பதில் வந்தது. ஆதாரத்துக்கு ஒரு பிரதியும் கூடவே வந்தது. அதன் பிறகு யாரும் பேசவில்லை. குழாயில் தண்ணீர் ஏறவில்லை என்று பம்பு வைத்தார்கள். பிள்ளைகளுக்குக் கெண்டைக்கால் இறுகி, மாவட்ட ஓட்டப் பந்தயம் எதிலும் மற்ற ஊர்களுக்கு இரண்டாம் பரிசுக்கு மேல் கிடைக்காமல் போயிற்று. சைக்கிளுக்கு வேறெதைவிடவும் பிரேக் கட்டைதான் வேகமாகத் தேய்ந்தது. அதனால்தான் குன்றின் உச்சியில் சைக்கிள் கடை வைத்திருந்தவருக்கு 'பிரேக்' என்றே பெயர் நின்றுவிட்டது. அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

பிரேக்கின் வீடு கடைக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒற்றை மாடிகூட இல்லாத வீடு. வெளியே நின்று பார்த்தால் பக்கத்து வீட்டுக் கூரையும் அந்த வீட்டுக் கூரையும் ஒரே உயரம். உள்ளே போய்க் கிழக்கு ஜன்னலில் நின்றால் பக்கத்து வீட்டுக் கூரை கீழே தெரியும்; அதற்கப்பால் வயல்கள், ரயில் பாதை, இரண்டு ஊர்கள், இருபத்திரண்டு மைல் தள்ளி, புடவைக்குக் கரை போட்ட மாதிரி நீலமாகக் கடல். அந்தக் கரையின் மேல் ஒரு குண்டூசி நின்றது. அது கலங்கரை விளக்கம்.

அந்தக் குண்டூசியிலிருந்துதான் அவருக்குப் பெண் அமைந்தது. கலங்கரை விளக்கக் காவலருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்.

"கடல் தெரியற ஊர்னா சொல்லுங்க. தெரியாத ஊருக்கு நான் வரலை."

தரகர் தலையைச் சொறிந்தார். "இருபத்திரண்டு மைல்மா. அதுவும் தட்டை ஊரு."

"எங்க வீட்டு ஜன்னல்ல தெரியுங்க," என்றார் பிரேக்.

எல்லோரும் சிரித்தார்கள். கல்யாண ஆசையில் மாப்பிள்ளை கடலையே வீட்டுக்கு இழுக்கிறார் என்றாள் சின்னவள். காவலர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே ரயிலேறி வந்தார். ஸ்டேஷனிலிருந்து நடந்து, மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி, ஜன்னலுக்கு வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சின்னவ இன்னிக்கும் விளக்குக் கண்ணாடிய துடைக்கல பாருங்க," என்றார். கல்யாணம் நிச்சயமாயிற்று.

ஊரில் அவளை லைட்ஹவுஸ்காரி என்றார்கள். வரும்போது இரண்டு டிரங்குப் பெட்டியும், துணியில் சுற்றிய ஒரு வட்டக் கண்ணாடியும் கொண்டுவந்தாள். முதல் அளவைக் குழு கலங்கரை விளக்கத்தின் மேல்மாடத்தில் கருவி வைத்து அளந்தபோது, தூரத்துக் குழுக்களுக்கு வெயிலைத் திருப்பி அடையாளம் காட்ட வைத்திருந்த கண்ணாடிகளில் இரண்டை மறந்துவிட்டுப் போயிருந்தது. ஒன்று அக்காவிடம், ஒன்று தங்கையிடம். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என்று கப்பல்காரர்கள் விளக்கில் பேசும் பேச்சு இரண்டு பேருக்கும் தாய்மொழி மாதிரி. காலையில் சூரியன் கிழக்கே இருப்பதால் அக்கா தன் ஜன்னலில் வரும் வெயிலைத் திருப்பி அனுப்பிப் பேசுவாள். மத்தியானம் தாண்டி சூரியன் மேற்கே சாய்ந்ததும், சரியாக நாலு மணிக்கு, தங்கை பதில் சொல்வாள். சூரியன் ஒரு பக்கமாகவே போவதால் அன்றைக்குக் கடைசி வார்த்தை எப்போதும் தங்கையுடையதாகவே இருந்தது. லைட்ஹவுஸ்காரிக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே குறை அதுதான். சமையலறையில் நின்றுகொண்டு, "என்னை சோம்பேறின்னுட்டு அவ பாட்டுக்கு விளக்கேத்தப் போயிட்டா! விடியட்டும், வச்சுக்கறேன்," என்று பல்லைக் கடிப்பாள். கடிதம் எழுதலாமே என்று பிரேக் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். கடிதம் போய்ச்சேர நாலு நாளாகும், நாலு நாளில் சண்டை ஊசிப்போய்விடும் என்று அவள் சொல்லிவிட்டாள். இப்படிப் பதினான்கு வருஷம் போயிற்று. நடுவில் காவலர் காலமானார். சின்னவள் கல்யாணம் வேண்டாம் என்று விளக்கோடு இருந்துவிட்டாள். மழைநாள் தவிர மற்ற எல்லா நாளும் அக்கா தங்கை பேச்சு மட்டும் நிற்கவில்லை.

பதினைந்தாம் வருஷம் அவள் ஜன்னலில் நின்று, "என்னங்க, கடல் இளைச்சுப் போச்சு," என்றாள். பிரேக் வந்து பார்த்தார். புடவைக் கரை அளவு இருந்த கடல் ரிப்பன் அளவுக்கு வந்திருந்தது. கண்ணைச் சோதித்துக்கொண்டார்கள்; இருவருக்கும் கண் நன்றாக இருந்தது. அடுத்த வருஷம் ரிப்பன் கயிறானது. அதற்கடுத்த வருஷம் தையல் நூல் மாதிரி ஒன்று மின்னியது, அவ்வளவுதான்.

விடை பழைய பேப்பர் கடையில் இருந்தது. அந்தக் கடை பாதி மேட்டில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே. பிரேக் ஒரு நாள் பேரிங் மடிக்கத் தாள் வாங்கப் போனார். கடைக்காரர் கட்டிலிருந்து ஒரு பெரிய பழுப்புத் தாளை உருவி நடுவில் சரக்கென்று கிழித்தார். அந்த நொடியில், படி இருக்கிறது என்று காலை வைத்து அங்கே படி இல்லாமல் போனால் எப்படி இருக்குமோ அப்படி ஊர் முழுக்க ஒரு தடவை இறங்கிற்று. இது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. 'மேட்டு விக்கல்' என்று இதற்குப் பெயரே உண்டு. வருஷத்தில் இரண்டு மூன்று தடவை வரும், பெரியவர்கள் தண்ணீர் குடிப்பார்கள், வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் பிரேக் அன்றைக்குக் கிழிந்த இரண்டு பாதியையும் கையில் வாங்கிப் பார்த்தார். செம்புத் தகட்டில் அச்சான பழைய வரைபடம். கிழிசல் நான்கு வட்டத்தின் நடுவே போயிருந்தது.

"இது மாதிரி இன்னும் இருக்காண்ணே?"

"போன மாசம் அஞ்சு வந்துச்சு. கடலைப் பொட்டலத்துக்குக் கனமா இருக்கும்னு கிழிச்சேன். நல்ல பேப்பரு, எண்ணெய் ஊறாது. ஏன், உனக்கும் வேணுமா?"

போன மாதம் ஒரே காலையில் ஐந்து விக்கல் வந்ததும், தலைமையாசிரியர் பள்ளிக்கு விடுமுறை விட்டதும் பிரேக்குக்கு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட அலமாரியில் கரையான் ஏறிய வாரம் வந்த மூன்று விக்கலும் ஞாபகம் வந்தது. அவர் அங்கேயே பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். நானூறு தாள், நானூறு அடி. ஒரு தாள் அழிந்தால் ஓர் அடி.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது லைட்ஹவுஸ்காரி ஜன்னலுக்குப் போய் நின்றாள். "அப்ப கடல் எங்கேயும் போகல. நாமதான் இறங்கிட்டிருக்கோம்," என்றாள்.

அந்த வருஷமே புதிய பதிப்புக்காக நாட்டை மறுபடி அளக்கும் வேலை தொடங்கி, எங்கள் ஊருக்கு ஒரு சர்வேயர் வந்தார். ஒல்லியான மனிதர். கருவிக்கு வெயில் படாமல் குடை பிடித்துவிட்டுத் தான் வெயிலில் நிற்பார். சைக்கிள் கடை வாசலில் முக்காலியை நாட்டி, கருவியில் கண்ணை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து மூச்சு வாங்கினார். மறுபடி பார்த்தார்.

"கருவி தட்டைன்னு காட்டுது," என்றார்.

"உங்க கால் என்ன சொல்லுது?" என்றார் பிரேக்.

"மேடுன்னுதான் சொல்லுது. ஆனா கால் சொல்றத எழுத எங்க ஃபாரத்துல கட்டம் இல்லீங்க."

லைட்ஹவுஸ்காரி ஒரு யோசனையோடு டீ கொண்டுவந்தாள். கிளாஸின் அடியை வேண்டுமென்றே ஈரமாக்கி, விரித்திருந்த களத்தாளுக்குப் பக்கமாக நீட்டினாள். சர்வேயர் பதறிப்போய் அதை இரண்டு கையாலும் வாங்கித் தரையில் வைத்தார். "மன்னிச்சுக்குங்கம்மா. பேப்பர் பக்கத்துல டீ வரக் கூடாதுன்னு எங்க ஆபீஸ்ல ரொம்ப வருஷமா ரூல். ஏன்னு மட்டும் யாருக்கும் தெரியாது."

ஏன் என்று பிரேக் சொன்னார். பழைய தாளின் இரண்டு பாதியையும் ஒட்டிக் காட்டினார். சர்வேயர் வட்டங்களைத் தன் கிளாஸோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, நல்ல மனிதர் என்பதால், பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். பூமி உருண்டை, கடல் இருபத்திரண்டு மைல், கடலோரம் கண்ணில் படவேண்டும் என்றால் முந்நூற்று இருபத்தைந்து அடியாவது வேண்டும். கடல் நூலாகத் தெரிவதால் இப்போது முந்நூற்று முப்பது இருக்கலாம். ஆனால் கலங்கரை விளக்கமே நூறு அடி உயரம். அதன் மேல்மாடத்தில் நிற்பவளின் கண்ணாடி தெரிய அவ்வளவு வேண்டாம். அறுபத்தாறு அடி போதும்.

"கடல் போனாப் போகுது. அவ தெரிஞ்சாப் போதும்," என்றாள் லைட்ஹவுஸ்காரி.

"ஒண்ணு சொல்லணும்மா. புதுப் பதிப்பு அச்சானதும் எல்லா ஆபீஸ்லயும் இருக்கிற பழைய தாளெல்லாம் வெட்டிக் கூழாக்கிடுவாங்க. அதான் முறை. ரெண்டு வருஷம் ஆகும். அதுக்குள்ள வெளியில யார் யார்கிட்ட இருக்கோ, அதுதான் மிச்சம்."

சர்வேயர் போன பிறகு அவள் பிரேக்கிடம் நேராகவே சொல்லிவிட்டாள். "அறுபத்தாறுக்குக் கீழ போனா நான் அங்க போயிடுவேங்க. கோவிச்சுக்கிட்டு இல்ல. அப்பாவும் இல்லாம அவ ஒத்தையில கிடக்கா. எங்கிட்ட சண்டை போடாம அவளுக்குப் பொழுது போகாது. எனக்கும் அவ திட்டாமத் தூக்கம் வராது." சண்டை என்றால் சமாதானம் பண்ணலாம், இது நியாயம். மறுநாள் கடையை மச்சினன் முறை உள்ள ஒருவரிடம் விட்டுவிட்டு ரயிலேறினார்.

இரண்டு வருஷம் அவர் ஊரில் இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். பழைய வரைபடம் சேர்க்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் உலகத்தில் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர்கள் வாசலிலேயே கையைக் கழுவச் சொன்னார்கள். தாளை விளக்குக்கு நேரே பிடித்து நீர்க்குறியைக் காட்டினார்கள். தகட்டின் விளிம்பு தாளில் பதிந்த பள்ளத்தை விரல் நுனியால் தொடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆற்றுக்கு நீலம் கையால் தீட்டியதா அச்சிலேயே வந்ததா என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். பிரேக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முதல் எட்டு மாதத்தில் பதினான்கு தாள்தான் தேறியது. நீதிபதி ஒருவரின் நூலகத்தில் துணி ஒட்டிப் பதினாறாக மடித்த ஒன்று; ஒரு முடிதிருத்தும் கடையில் கண்ணாடியின் முதுகுக்கு அட்டையாகப் போட்டிருந்த ஒன்று; பட்டமாக ஒட்டப் பசை தடவிய பிறகு கடைசி நிமிஷத்தில் மீட்ட ஒன்று. பல் டாக்டர் ஒருவரிடம் நான்கு இருந்தன. என்ன சொல்லியும் கொடுக்க மறுத்துவிட்டார்.

"பல்லைக்கூடப் பிடுங்கித் தரேன். இதைத் தரமாட்டேன்."

பிரேக் திரும்பும் ரயிலில் வருத்தமாக உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ஸ்டேஷன் தாண்டியதும் எழுந்து நின்று சத்தமாகச் சிரித்துவிட்டார். எதிரே இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார். தாள் தன்னிடம் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? எங்கேயாவது பத்திரமாக இருந்தால் போதுமே. அதுவும் அந்தப் பல் டாக்டர் வீட்டில் இருப்பதைவிடப் பத்திரம் எங்கே? அன்றிலிருந்து அவர் வரைபடம் கேட்பதை நிறுத்திவிட்டு, நாப்தலீன் உருண்டை கொடுக்க ஆரம்பித்தார். யாரிடம் எந்தத் தாள் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பக்கத்தில் உடல்நிலையும் எழுதினார்: முதுகில் துணி, நலம். வலது மூலையில் பூச்சி, கவனிக்கவும். சட்டம் போட்டது, வெயில் படும் சுவர், மாற்றச் சொல்லியிருக்கிறது. மாதம் ஒரு தடவை எல்லோருக்கும் கார்டு போட்டு, நலம் விசாரித்தார். பதிலும் வந்தது. 'தங்கள் தாள் சௌக்கியம், மழைக்கு முன்பே அலமாரியை மாற்றிவிட்டேன்' என்று பல் டாக்டரே எழுதினார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து, தட்டை ரோட்டில் மூச்சிரைக்க ஏறி, பொய்யான குன்று ஒன்றின் உச்சியில் நிஜமாகவே நின்றதற்காக ஆனந்தக் கண்ணீர் விட்டார். கெடு முடியும்போது நோட்டில் அறுபத்து மூன்று தாள் இருந்தது. மூன்று குறைந்தது.

சர்வேயர் ரகசியமாக ஒரு தந்தி கொடுத்தார்: வியாழன் காலை பத்து மணிக்கு வெட்டு. ஊர் தயாரானது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். அடுப்பை அணைத்தார்கள், பானைகளைத் தரையில் வைத்தார்கள், ஸ்டேஷன் மாஸ்டர் பந்துச் சாக்கின் வாயைக் கட்டினார். எல்லோரும் அவரவர் வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். பத்து அடித்து இரண்டு நிமிஷத்தில் விக்கல் தொடங்கியது. முதலில் ஒவ்வொன்றாக, பிறகு கட்டுக்கட்டாக. தண்ணீர்த் தொட்டித் தண்ணீர் தளும்பிற்று, காது அடைத்தது, ஒரு கைக்குழந்தை மட்டும் ஆரம்பம் முதல் கடைசிவரை விழுந்து விழுந்து சிரித்தது. ஜன்னலில் நின்ற லைட்ஹவுஸ்காரி, நூலாக இருந்த கடல் அறுந்து போவதையும், இரண்டு ஊர்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக மறைவதையும், பக்கத்து வீட்டுக் கூரை மெல்ல எழுந்து வருவதையும் பார்த்தாள். பன்னிரண்டே முக்காலுக்கு எல்லாம் நின்றது. தபால்காரர் எழுந்து கடைவீதியிலிருந்து சைக்கிள் கடை வரை நடந்து பார்த்தார். ஒரே ஒரு இடத்தில்தான் மூச்சு வாங்கியது. அவருக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் ஜன்னலைப் பார்த்துவிட்டு அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்று நாலு மணிக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாளும் இல்லை. எட்டு நாள் அவள் காலையில் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிக் கேள்வி அனுப்பினாள். நாலு மணிக்கு வெறும் வானத்தைப் பார்த்தாள். எட்டாம் நாள் ராத்திரி டிரங்குப் பெட்டி இரண்டையும் பரணிலிருந்து இறக்கினாள். பிரேக் பெட்டியின் துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார். அது அவருக்குத் தெரிந்த வேலை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம், ஜன்னலுக்கு மேல் ஆணியில் மாட்டியிருந்த அப்பாவின் தொப்பியைப் பெட்டியில் வைக்கலாம் என்று கை நீட்டினாள். எட்டவில்லை. கடையிலிருந்து ஸ்டூலை இழுத்துவந்து போட்டாள். பஞ்சர் ஒட்டும்போது பிரேக் உட்காரும் ஸ்டூல், ஒன்றரை அடி. அதன் மேல் ஏறி, தொப்பியில் கையை வைத்தவள், அப்படியே ஜன்னலின் மேல் கம்பி வழியாகப் பார்த்தாள். மணி நாலு.

"என்னங்க! இங்க வாங்க! ஓடி வாங்க!"

பிரேக் கையில் டியூபோடு ஓடிவந்தார். வயல்களின் விளிம்பில் ஊசி முனை அளவு வெளிச்சம் நீளமாகவும் குட்டையாகவும் வெட்டியது. அவருக்கு அந்தப் பேச்சு தெரியாது. அவள் உதட்டைப் பார்த்தார். அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

"'அக்கா... ஏழு நாளா எண்ணெ டின் மேல ஏறி நிக்கறேன்... நீ எது மேல நிக்கற?'"

அவள் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, ஸ்டூலிலேயே உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாகக் கொஞ்ச நேரம் இருந்தாள். பதில் சொல்லச் சூரியன் கிழக்கே வரவேண்டும். விடிந்ததும் ஸ்டூல் மேல் ஏறி நின்று அனுப்பினாள்: 'ஸ்டூல்.' சாயங்காலம் நாலு மணிக்குப் பதில் வந்தது: 'குள்ளச்சி.' கடைசி வார்த்தை வழக்கம்போலத் தங்கையுடையது. டிரங்குப் பெட்டிகள் பரணுக்குத் திரும்பின. சர்வேயருக்கு விஷயத்தை எழுதிப் போட்டார்கள். அவர் கணக்கைச் சரிபார்த்துப் பதில் போட்டார்: தாள் அறுபத்து மூன்று, ஸ்டூல் ஒன்றரை, எண்ணெய் டின் ஒன்றரை, ஆக அறுபத்தாறு. தொலைவில் ஏறினாலும் பக்கத்தில் ஏறினாலும் கணக்குக்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்று கீழே கோடு போட்டிருந்தார்.

அதன் பிறகு இத்தனை வருஷத்தில் மூன்று விக்கல்தான் வந்திருக்கிறது. நீதிபதியின் பேரன் துணி ஒட்டிய தாளில் சாயம் கொட்டிவிட்டான்; ஒன்று வெள்ளத்தில் போயிற்று; முடிதிருத்தும் கடைக்காரர் கண்ணாடியை மாற்றும்போது ஒன்று கிழிந்தது, அவர் மூன்று பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஒவ்வொரு விக்கலுக்கும் பிரேக் ஜன்னலடியில் ஓர் அடி உயரத்துக்கு நான்கு அடுக்குச் செங்கல் வைத்துப் பூசினார். ஸ்டூல் இப்போது அந்த மேடைக்கு மேல் நிற்கிறது. அடுத்த பதிப்புக்கு அளக்க வந்தபோது சர்வேயருக்கும் தலை நரைத்திருந்தது. அவர் முறைப்படி மேடையை அளந்தார். அசையாத கட்டுமானம், உயரம் மூன்று அடி, கருவியிலும் தெரிகிறது, எனவே எழுதத் தடையில்லை என்றார். லைட்ஹவுஸ்காரி கொடுத்த டீயை வாசலில் நின்று குடித்தார்.

அந்தத் தாள் அச்சாகி, இப்போது எல்லா ஆபீஸிலும் கிடைக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சேகரிப்பாளர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள், பள்ளிக்கூடம் தாண்டி மூச்சு வாங்குகிறார்கள், பிரேக்கிடம் பிரேக் கட்டை மாற்றிக்கொள்கிறார்கள். வந்தவர்கள் ஜன்னலடியில் அந்தச் செங்கல் மேடையைப் பார்த்துத்தான் அதிசயப்படுவார்கள். எங்கள் ஊரில் கண்ணுக்குத் தெரிகிற மேடு அது ஒன்றுதான்.